பிரியத்தில் சேர்த்த மூன்று வரி

இப்படி நகந்து உக்காருங்க. ஜன்னல் பக்கம் வெயிலு அடிக்கும். செய்துங்கநல்லூர் வரைக்கும் அங்கன நான் இருந்துக்கிடுதேன், பொறவு நீங்க தாராளமா உக்காந்து வரலாம். இந்த வண்டி டயத்துக்குப் போகாது, கேட்டியளா. எனக்குத் தெரியும். டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். என் காலத்துல வண்டி தாமதமா வந்தா டிரைவர் என் மூஞ்சியப் பாக்கமாட்டான். இப்ப யாரு கேக்கா.

நீங்க வேதக்காரவியளா, கிறிஸ்தவங்களா? இல்ல, நெத்தியப் பாத்துக் கேக்கல, சும்மாதான் கேட்டேன். இல்லியா. நல்லதாப் போச்சு. எங்க ஆளுககிட்ட ஒரு கஷ்டத்தச் சொல்ல வாய்தொறந்தா, ஜெபிப்போமான்னு கண்ண மூடிருவாவ. நீங்க மூடமாட்டிய.

ஒரு சின்ன உதவி செய்யணும். இந்தப் பையில ஒரு தாள் இருக்கு. கல்லறையில நாட்டுத கல்லுக்கு எழுதினது. செய்துங்கநல்லூர்ல கல்லு வெட்டுதவன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டதான் போறேன். எனக்கு ஒரு கண்ணுல புரை. நீங்க ஒருக்க வாசிச்சு, எழுத்துப் பிழை இருக்கான்னு சொன்னாப் போதும். கல்லுல வெட்டின பொறவு அழிக்க முடியாதுல்லா. இருங்க, இப்ப வேண்டாம். இந்த ரோட்டுல வாசிச்சா உங்களுக்குத் தல சுத்தும். கருங்குளம் தாண்டினா ரோடு நல்லாருக்கும்.

எம் மகனுக்குத்தான். ஆமா. ஒரே மகன். பேரு கமாலியேல். வேதத்துல அப்படி ஒரு பெரியவரு வாராரு, அவசரப்படாம நியாயம் பேசக்கூடியவரு. நாந்தான் அந்தப் பேர வச்சேன். அப்ப யாரு கண்டா.

என் வருத்தம் அவன் போனது மட்டும் இல்ல. அது இருக்கு, அது எங்க போகும். என் மருமக, பெர்சிஸ்னு பேரு, அவ என்ன செஞ்சா தெரியுமா? அடக்க ஆராதனையில, நடுச் சபையில வச்சு என்னைய ஒண்ணுமில்லாம ஆக்கிட்டா. அதச் சொல்லாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு.

எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. பெட்டியக் கோயிலுக்குள்ள கொண்டு வந்து வச்ச பொறவு, ஐயர் பிரசங்கம் செய்யுததுக்கு முன்னால, செத்தவங்களோட ஜீவிய சரித்திரத்த வாசிக்கணும். கோயில்னா எங்க சர்ச்சு, ஐயர்னா எங்க பாதிரியாரு, நீங்க வேற நெனச்சிராதீங்க. எங்க பொறந்தாரு, என்ன படிச்சாரு, என்ன வேல பாத்தாரு, சபைக்கு என்ன செஞ்சாரு, கடைசி நேரத்துல எப்படி விசுவாசத்தோட போனாரு. வீட்டாளுதான் எழுதிக் குடுக்கணும். எங்க ஊர்ல நெறைய வீட்டுக்கு நாந்தான் எழுதிக் குடுத்திருக்கேன். சண்டக்காரனா இருப்பான், 'நேர்மைக்குப் பேர்போனவர்'னு போடுவேன். கோயில் பக்கமே தல வச்சுப் படுத்திருக்கமாட்டான், 'அமைதியான பக்தி உடையவர்'னு போடுவேன். பொண்டாட்டி அழுதுக்கிட்டே வந்து, அண்ணே, அவுகளுக்கு இவ்வளவு அழகா எழுதிட்டியளேன்னு கையப் பிடிச்சுக்கிடுவா. அது ஒரு ஊழியம்தான், இல்லியா?

எம் மகனுக்கும் நாந்தான் எழுதினேன். வேற யாரு எழுதுவா? பெர்சிஸ் வாசிக்கேன்னா. சரின்னு குடுத்தேன். அழாம வாசிச்சா. நல்ல பிள்ளதான் அவ, அத நான் மறுக்கல. பொறந்தது, படிச்சது, மதுர பக்கம் இறையியல் கல்லூரியில சபைச் சரித்திரம் சொல்லிக் குடுத்தது, எல்லாம் வாசிச்சா. கடைசி மூணு வரி வந்துச்சு. அங்கன நிறுத்தினா. குனிஞ்சு பெட்டியப் பாத்தா. தாள நாலா மடிச்சா. போய் உக்காந்துட்டா.

அந்த மூணு வரியும் வாசிக்கல. சபை பூரா இருக்கு. பக்கத்து ஊர்ச் சபை ஐயர்மாரு எல்லாம் வந்திருக்காவ. எதுக்காக நான் அத எழுதினேனோ, அத மட்டும் முழுங்கிட்டா.

என்ன எழுதியிருந்தேன்? சொல்லுதேன். கமாலியேல் தன் கடைசி நேரத்தில் தகப்பனாரை அருகே அழைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த யூத ஆசிரியர் நம் ஆண்டவரைக் குறித்து எழுதிய சாட்சி ஒரு எழுத்தும் பிசகாத சத்தியம் என்று அறிக்கையிட்டார். அதன் பின் சமாதானத்தோடே நித்திரையடைந்தார். இம்புட்டுதான். இதுல என்ன குத்தம் இருக்கு, சொல்லுங்க?

யூத ஆசிரியர்னா உங்களுக்கு எப்படித் தெரியும். நான் மொதல்ல இருந்து சொல்லணும். பேரச் சொன்னா வாய்ல நுழையாது, அதனால யூத ஆசிரியர்னே வச்சுக்கிடுங்க, ஆசிரியர்னா புஸ்தகம் எழுதினவரு. இயேசு சாமி சிலுவையில மரிச்சுக் கொஞ்ச வருசத்துலயே பொறந்த ஆளு. யூதரு. ரோம ராயனுக்கு எதிரா சண்ட போட்டு, பிடிபட்டு, பொறவு அந்த ராயன் தயவுலயே ரோமாபுரியில உக்காந்து தன் ஜனங்களோட சரித்திரத்த எழுதினவரு. கடைசி வரைக்கும் யூதராவே இருந்தவரு. நம்ம மார்க்கத்துக்கு வரவே இல்ல. அப்பேர்ப்பட்ட ஆளு தன் புஸ்தகத்துல, இயேசுன்னு ஒரு ஞானி இருந்தாரு, அவரை மனுஷன்னு சொல்லலாமான்னே தெரியல, அவருதான் கிறிஸ்து, மூணாம் நாள் உயிரோட வந்தாருன்னு எழுதி வச்சிருக்காரு.

பாத்தியளா? நம்மாளு சொன்னா, நீங்க சொல்லத்தான் செய்விய, உங்க சாமில்லான்னு கேப்பான். இவரு நம்மாளு இல்ல. இவருக்கு என்ன வந்துச்சு? எதுக்குப் பொய் சொல்லணும்?

நான் சனிக்கிழம தோறும் எங்க ஊர்ச் சந்தையில மைக் வச்சுப் பிரசங்கம் செய்யுதவன். டிப்போ வேலையில இருக்கும்போதே ஷிப்டு மாத்திக்கிட்டுப் போவேன். சந்தையில எத்தன பேரு நின்னு கேப்பான்? கருவாட்டுக்காரி ஒருத்தி, ஆட்டத் தேடி வந்தவன் ஒருத்தன். நடுவுல எவனாவது, இதெல்லாம் நீங்களே எழுதிக்கிட்ட கததானேம்பான். அப்ப இந்த யூதர எடுத்து விடுவேன். அவன் வாய் அடைச்சுப் போயிரும். எனக்கு வேற படிப்பு கெடையாதுய்யா. எஸ்.எஸ்.எல்.சி.தான். அந்த ஒரு சாட்சிய வச்சுத்தான் எம் பிழைப்பே, பிழைப்புன்னா பிரசங்கப் பிழைப்பச் சொல்லுதேன். சின்னப் பிள்ளையில கமாலியேல தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுதான் அதச் சொல்லுவேன். அவன் எனக்கு முன்னால சொல்லிருவான், மழலையில. ஜனங்க சிரிப்பாவ.

அந்தப் பையன்தான் படிச்சான். படிக்க வச்சேன்.

எங்க கோயில் பிரதிஷ்டப் பண்டிகைக்கு அவனையே பேசக் கூப்பிட்டோம். நோட்டீஸ்ல அவன் பேரு, கீழ சின்னதா 'நம் சபையின் மைந்தன்'. நாந்தான் போடச் சொன்னேன். சாயங்காலம் வாலிபர் கூட்டம். நான் முன் பெஞ்சுல உக்காந்திருக்கேன், பக்கத்துல எங்க வீட்டுக்காரி. கேள்வி நேரத்துல ஒரு பொம்பளப் பிள்ள எந்திரிச்சு, தாத்தா சந்தையில சொல்லுவாங்களே யூத ஆசிரியர், அது நெஜமா அண்ணான்னு கேட்டா. நான் இவனப் பாத்துச் சிரிச்சேன். சொல்லுலேய்னு.

அவன் கண்ணாடியக் கழத்தித் தொடச்சான். அப்பவே எனக்கு என்னமோ போல ஆச்சு. சின்ன வயசுல தப்பு செஞ்சா மூக்கத் தொடப்பான், பெரியவனானப்புறம் கண்ணாடி.

பொறவு பையச் சொன்னான். 'அந்த ஆசிரியர் ஏதோ எழுதியிருக்காரு, அது நெஜம்தான். ஆனா இன்னைக்கு நம்ம கையில இருக்குத மாதிரி முழுசா அவரு எழுதியிருக்கமாட்டாரு. அவருதான் கிறிஸ்துன்னு மனசார நம்பின ஒருத்தரு கடைசி வரைக்கும் யூதரா எப்படி இருப்பாரு? நம்ம ஆதிச் சபைப் பெரியவங்கள்ல ஒருத்தரு அந்தப் புஸ்தகத்த வாசிச்சுட்டு, இவரு இயேசுவைக் கிறிஸ்துன்னு ஒத்துக்கிடலன்னு எழுதியே வச்சிருக்காரு. அதனால, பின்னால பிரதி எடுத்த நம்மாளுக சில வார்த்தையச் சேத்துட்டாங்கன்னுதான் படிச்சவங்க அநேகம் பேரு சொல்லுதாங்க.'

எங்க வீட்டுக்காரி என் கையப் பிடிச்சா. நான் உதறிட்டேன்.

அவன் நிறுத்தல. 'கெட்டவங்க செஞ்ச வேல இல்ல இது. பிரியப்பட்டவங்க செஞ்சது. இம்புட்டு எழுதின மனுஷன் அதச் சொல்லாமலா இருந்திருப்பாருன்னு ஒருத்தன் ஓரத்துல எழுதியிருப்பான். அடுத்தவன் அத உள்ள சேத்திருப்பான். பிரியத்துல செஞ்சாலும் சேத்தது சேத்ததுதான்'னான்.

அப்புறம் இன்னொண்ணு சொன்னான். அதே புஸ்தகத்துல வேற ஒரு எடத்துல ஒரு சின்ன வரி இருக்காம். யாரோ ஒரு பிரதான ஆசாரியன் அவசரப்பட்டு ஒரு காரியம் செஞ்சு பதவிய இழந்த கத. அந்தக் கதையச் சொல்லிட்டு வரும்போது, அவன் கல்லெறிஞ்சு கொன்னது யாருன்னா, கிறிஸ்துன்னு சொல்லப்பட்ட இயேசுவோட சகோதரன் யாக்கோபுன்னு போறபோக்குல ஒரு வார்த்த. இயேசுவைப் புகழவும் இல்ல, திட்டவும் இல்ல. ஆளு அடையாளத்துக்குச் சொன்னது. 'அது பின்னால சேத்ததுன்னு பெரும்பாலும் யாரும் சொல்லுததில்ல. சேக்குதவன் இம்புட்டுச் சின்னதாவா சேப்பான்? பெரிய சாட்சி வேண்டாம், எனக்கு அது போதும்'னான்.

எப்படி இருக்கும் எனக்கு? நான் வாழ்நாள் பூரா தலையில தூக்கிச் சுமந்தத எறக்கி வச்சுட்டு, யாக்கோபோட அண்ணன் தம்பிக் கதைய வச்சுக்கிட்டு எனக்கு அது போதும்னு நிக்கான். அதுவும் எங்க கோயில்ல. என் முன்னால.

எந்திரிச்சேன். 'நீ என்னைய மறுதலிக்கல, ஆண்டவரை மறுதலிக்க'ன்னேன். 'அப்பா, அப்படி இல்லப்பா'ன்னான். 'இனிமே என்னைய அப்பான்னு கூப்பிடாத'ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். செருப்புகூட மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன், வேற யாரு செருப்போ.

பேச்சு வார்த்த நின்னு போச்சு. அவன் போன் பண்ணுவான், எங்க வீட்டுக்காரி எடுப்பா. நான் வாசல்ல நிப்பேன், என்ன பேசுதான்னு காது குடுக்கமாட்டேன். கேக்கத்தான் செய்யும், வீடு சின்னது. அப்பா மாத்திர போடுதாங்களாம்மான்னு கேப்பான். அவ பெட்டைக்குருவி மாதிரி 'ம்', 'ம்'னு சொல்லுவா. அவ என்கிட்ட, நீங்க ஒரு வார்த்த பேசுனா என்ன கொறஞ்சா போகும்னு கேட்டா. அவன் ஒரு வார்த்த மாத்திச் சொன்னா என்ன கொறஞ்சா போகும்னு நான் கேட்டேன். அப்படியே வருசம் ஓடிட்டு.

ஆனா சந்தையில நான் விடல. ஒரு சனிக்கிழம, கடைக்காரன் காகித நட்சத்திரம் கட்டித் தொங்கவிட ஆரம்பிச்ச மொத சந்தை அது, கிறிஸ்துமசுக்கு முன்னால. மைக்குல சொன்னேன். இயேசுவக் காசுக்குக் காட்டிக்குடுத்த யூதாசு எங்கயோ எருசலேம்லதான் இருந்தான்னு நெனைக்காதீங்க, அவன் என் வீட்டுலதான் வளந்தான், என் தட்டுலதான் சோறு தின்னான், அவனுக்குச் சம்பளமும் சபைதான் குடுக்குன்னு. நல்லாச் சொன்னேன். அன்னைக்குத் தொண்ட நல்லாருந்துச்சு. கூட்டமும் நின்னுச்சு. தகப்பனா எனக்கு வலிக்கத்தான் செஞ்சுது, ஆனா சத்தியத்துக்குன்னு ஒண்ணு இருக்குல்லா.

கருங்குளம் இன்னும் வரல. இருங்க.

பொறவு அவனுக்கு ஈரல்ல ஏதோ நோவு. குடிக்க மாட்டான், வெத்தல கூட கெடையாது, அவனுக்குப் போயி. பாளையங்கோட்டையில பெர்சிஸ் வீட்டுலதான் கொண்டுவந்து வச்சிருந்தாங்க, பெரிய ஆஸ்பத்திரி பக்கம்னு. எங்க வீட்டுக்காரி போய் அங்கயே தங்கிட்டா. நான் போகல. ஆளு மேல ஆளு வந்து கூப்பிட்டாவ. நான் சொன்னேன், அவன் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பட்டும், அடுத்த வண்டியில ஏறுதேன். எனக்கு எந்த வண்டி எப்ப வரும்னு தெரியாதா?

பெர்சிஸ் போன் பண்ணினா. 'மாமா, வாங்க. அவங்க உங்களத்தான் கேக்காங்க.' நான் கேட்டேன், 'என்ன கேக்கான்? தப்புன்னு சொல்லுதானா?' அவ 'வாங்க மாமா'ன்னு மட்டும் திரும்பச் சொன்னா. நான் காலையில வாரேன்னு வச்சிட்டேன். மொத வண்டிக்குப் போய் நின்னேன். அன்னைக்கு அந்த வண்டி வரல. பிரேக் டவுனாம். நான் டைம் கீப்பர், நின்னுக்கிட்டே இருக்கேன். அடுத்த வண்டி பிடிச்சுப் போய்ச் சேந்தப்ப, மூஞ்சிய மூடியிருந்தாவ.

ஆமா. நான் போறதுக்கு முன்னாலயே.

என்ன அப்படிப் பாக்கிய? கையப் பிடிச்சு அறிக்கையிட்டான்னு எழுதியிருக்கேனேன்னு கேக்கியளா? கேளுங்க. சாகப்போற பிள்ள தகப்பனத்தான் வேணும்னு கேக்கான். எதுக்குக் கேப்பான்? சொத்துப் பிரிக்கவா? மன்னிப்புக் கேக்கத்தான கேப்பான். நான் அங்கன இருந்திருந்தா கையப் பிடிச்சிருப்பான், சொல்லியிருப்பான். என் பிள்ளைய எனக்குத் தெரியாதா? இம்புட்டு நல்ல பிள்ள, அதச் சொல்லாமலா போயிருப்பான்? வண்டி ஓடாதது அவன் குத்தமா? சொல்லியிருப்பான்ங்கறத, சொன்னான்னு எழுதினேன். அம்புட்டுதான். அதுல என்ன பொய் இருக்கு?

அவன் பேர நல்லாக்கத்தான் எழுதினேன். அந்த வாலிபர் கூட்டத்துக்கு அப்புறம் ஊர்ல அவனப் பத்தி என்னமெல்லாம் பேசுனானுவ தெரியுமா? விசுவாசம் இல்லாதவன், வெள்ளக்காரன் புஸ்தகத்தப் படிச்சுக் கெட்டவன்னு. யூதாசுன்னு கூட சொன்னானுவ. எம் பிள்ளய.

எழுதின அன்னைக்கு எங்க வீட்டுக்காரிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவ பெட்டி பக்கத்துல தரையில உக்காந்திருந்தா. முழுக்கக் கேட்டா. கேட்டுட்டு, 'இது எம் பிள்ள இல்ல. இது யாரோ நல்ல பிள்ள'ன்னா. துக்கத்துல பேசுதான்னு விட்டுட்டேன். இப்பவும் என்கூடப் பேசாமத்தான் இருக்கா. சோறு வைப்பா. பேசமாட்டா.

அடக்கம் முடிஞ்சு பெர்சிஸ்கிட்ட கேட்டேன், ஏன் வாசிக்கலன்னு. 'நீங்க அங்க இல்லியே மாமா'ன்னா. கோவமாச் சொல்லல, அதான் எனக்குத் தாங்கல. 'அவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். நாந்தான் பக்கத்துல இருந்தேன். கேக்கியளா, சொல்லுதேன்'னா. நான் வேண்டாம்னுட்டேன். அவ அவன் பொண்டாட்டி, அவனுக்குச் சாதகமா என்னத்தையாவது சொல்லுவா. அவ சாட்சிய எப்படி எடுத்துக்கிடுதது?

அதனாலதான் கல்லு. கல்லுல வெட்டிட்டா எவளும் மடிச்சு வச்சுட்டு உக்கார முடியாது. ஈஸ்டர் விடியக்காலம் சபை பூரா கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுதிரியோட வரும். வாசிக்கும்.

அத்தாட்சி இல்லாம நான் பேசல, கேட்டியளா. எங்க சந்தை முக்குல பஞ்சர் ஒட்டுத ஷேக் மைதீன்னு ஒருத்தர் இருக்காரு. அவரே சொன்னாரு. கமாலியேல் அவரு கடையில உக்காந்து என் பிரசங்கத்தக் கேட்டானாம். எங்கப்பா சொல்லுதது எல்லாம் சத்தியம்னு சொன்னானாம். எப்படி? அவரு முஸ்லிமு. எங்க சபை விவகாரம் அவருக்கு என்ன தெரியும்? அவரே சொல்லுதாரு.

வந்துட்டு, கருங்குளம். இப்ப வாசிங்க. இந்தாங்க. மொதல்ல பேரு, அடுத்து 'ஞானசிகாமணி மகன்', ஞானசிகாமணி நாந்தான். அடுத்து தேதி. அதுக்குக் கீழ அந்த மூணு வரி. ரெண்டாவது வரியில 'அறிக்கையிட்டார்'க்குப் பெரிய 'ற' ஒழுங்கா இருக்கான்னு பாருங்க.

என்ன?

ஷேக் மைதீன் அப்படியே சொன்னாரான்னா கேக்கிய?

என்னய்யா நீங்களும். வேதக்காரவிய இல்லைன்னு சொன்னிய. அவன் கேட்ட மாதிரியே கேக்கிய, அதே மாதிரி பையக் கேக்கிய. உங்களுக்கு என்ன வேணும்? பிழை இருக்கான்னு பாக்கத்தான சொன்னேன்.

இல்ல, கோவப்படல. தாள வச்சுக்கிடுங்க. வச்சுக்கிடுங்க.

அவரு சொன்னது வேற. அவரு சொல்ல வந்தது அவரு காத்தடிக்க வச்சிருந்த பம்பு களவு போன கத. நான் சைக்கிள் டியூப்ப எடுத்துட்டுப் போனேன், இப்பதான் போன மாசம். பெரியவரே, கைப்பம்புலதான் அடிக்கணும், அந்த மிசினு பம்ப எவனோ தூக்கிட்டான்னு ஆரம்பிச்சாரு. நட்சத்திரம் கட்ட ஆரம்பிச்ச சந்தையன்னைக்கு. எல்லாரும் அங்கன நின்ன பழ வண்டிக்காரனையும் ஒரு கண்ணாடி போட்ட தம்பியையும் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல எவனோ தூக்கிட்டானாம். அந்தத் தம்பி வண்டியில பஞ்சரே இல்லையாம், சும்மா காத்து மட்டும் அடிக்கச் சொல்லிட்டு முக்காலியில ரொம்ப நேரமா உக்காந்திருந்துச்சாம். மைக்குல சத்தம். பழ வண்டிக்காரன், யாருய்யா இவன், இந்தக் கத்து கத்துதான், காது கிழியுதுன்னு கெட்ட வார்த்தையில ஏசினானாம். அந்தத் தம்பி அவனப் பாத்து, 'எங்கப்பா'ன்னுச்சாம். அவ்வளவுதான். பழ வண்டிக்காரன் வாய மூடிக்கிட்டு வண்டியத் தள்ளிட்டுப் போயிட்டான். திரும்பிப் பாத்தா பம்பக் காணோம். நல்ல பம்பு பெரியவரே, அது மாதிரி இப்ப கெடைக்காதுன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அந்தத் தம்பி யாருன்னு அவருக்குத் தெரியல. நானும் சொல்லல.

நட்சத்திரம் கட்டின சந்தையில மைக்குல நான் என்ன பேசினேன்னு உங்களுக்குச் சொன்னேம்லா.

சத்தியம்னு அவன் சொல்லல. அது நான் சேத்தது. 'எங்கப்பா'ன்னான். அத மட்டும் சொன்னான். நான் அவன யூதாசுன்னு கத்திக்கிட்டு இருக்கேன், அவன் முக்காலியில உக்காந்து அதக் கேட்டுக்கிட்டு, யாருன்னு கேட்டவன்கிட்ட எங்கப்பான்னு சொல்லிட்டு இருக்கான். அப்பான்னு கூப்பிடாதன்னு சொல்லியிருந்தேன் அவன்கிட்ட.

ஷேக் மைதீனுக்கு அவன் மேல என்ன பிரியம்? ஒண்ணும் கெடையாது. என் மேலயும் கெடையாது. பம்பு மேலதான் பிரியம். அவருக்கு எதுக்குப் பொய் சொல்லணும்? நான் கேக்கவே இல்ல, அவராச் சொன்னாரு. அதனால அது நெஜம். அத நான் நம்புதேன். பெர்சிஸ்கிட்ட போய் கடைசியா என்ன சொன்னான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. இந்த வண்டி பாளையங்கோட்டைக்குத்தான் போகுது, ஆனாலும் நான் எறங்கிருவேன். எனக்கு இது போதும்.

அந்த யூத ஆசிரியர் விசயம் வேற, கேட்டியளா. அதுல ஒரு எழுத்து கூட மாறல. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது.

இல்ல, அழல. புரை உள்ள கண்ணு, காத்து பட்டா இப்படித்தான் தண்ணி வடியும்.

அந்தா கண்டக்டர் செய்துங்கநல்லூர்ங்கான். உங்ககிட்ட பேனா இருக்கா? சட்டப் பையிலதான் குத்தியிருக்கிய, பாத்தேன். அந்தத் தாள நீங்களே வச்சுக்கிட்டு, கீழ இருக்க மூணு வரியையும் அடிச்சிருங்க. அடிக்காம என்கிட்ட திருப்பித் தராதீங்க, எனக்குக் கை வராது. நான் அடிச்சா அந்த எடத்துல வேற ஒண்ண எழுதிருவேன். நீங்க யாரோதான. நீங்க செஞ்சா சரியா இருக்கும்.

நல்லா அடிங்க, கல்லு வெட்டுதவனுக்குத் தெரியுத மாதிரி. மேல 'ஞானசிகாமணி மகன்'னு இருக்குல்லா, அத மட்டும் விட்டுருங்க. அது அவன் சொன்னது.